கவிராஜ் பாலம் நிமிர்ந்த காலை

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கல்கத்தா காளிகாட் காளியின் மேல் சத்தியம். அவள் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை டிராமுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வந்து சேர்ந்துவிடும். அது போதாது என்பவர்களுக்காக எங்கள் வீட்டுப் பித்தளைக் காபி ஃபில்டரின் மேலும் சத்தியம் செய்கிறேன்.

என் பெயர் விஸ்வநாதன். கப்பல்களுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலில் கால் வைத்ததில்லை. ஆனாலும் எந்தக் கப்பல் முழுகும், எது முழுகாது என்று காகிதத்தை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் தகுதியில்தான் பாலங்களைப் பற்றியும் பேசுகிறேன்.

காளிகாட்டுக்கும் அலிப்பூருக்கும் நடுவில், ஆதிகங்கை என்று பெயரை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஒரு கால்வாய் கறுப்பாக ஓடுகிறதே, அதன் மேல்தான் கவிராஜ் பாலம். பாலத்தின் முனையில் ஒரு காலத்தில் ஒரு கவிராஜர், அதாவது பெங்காலி வைத்தியர், கடை வைத்திருந்தார். அவர் மருந்தைச் சாப்பிட்டவர்கள் பாலத்தைத் தாண்டுவதற்குள் குணமாகிவிடுவார்கள். ஆகாதவர்களுக்கு வசதியாக அக்கரையில் சுடுகாடும் இருந்தது. அலிப்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. காளிகாட் பக்கம் என் மனைவி ராஜலக்ஷ்மியின் பிறந்த வீடு. அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில், பாலம் இறங்குகிற இடத்திலேயே, அவள் தம்பி பட்டாபிராமன் காபிப் பொடியும் அப்பளமும் புளியும் விற்கிறான். கடையைத் தொடங்கியவர் அவர்கள் அப்பா.

கல்யாணமாகி ராஜி இந்தக் கரைக்கு வந்த அன்று, நாங்கள் வந்த டாக்ஸி பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்தான். ராஜி கதவைத் திறந்தாள். பட்டுப் புடவையோடு இறங்கிப் போய், கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அந்த இடத்திலிருந்து வீடு தெரியாது. நடுவில் ஓர் அரசமரம். அன்று பாலம் மெல்ல ஒரு முழம் உயர்ந்து, மரத்துக்கு மேலாக அவளுக்கு வீட்டைக் காட்டியது. மொட்டைமாடியில் அவள் அம்மா புடவையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். ராஜி டாக்ஸியில் ஏறியதும் பாலம் பழையபடி இறங்கிக்கொண்டது. டாக்ஸியும் கிளம்பியது. டிரைவர் மட்டும் அதற்கப்புறம் அந்தப் பக்கம் சவாரி வருவதில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் சமையலை முடித்துவிட்டுத் தம்பியைப் பார்க்கப் போகிறவள், நடுவில் நின்று அதே இடத்தில் கையை வைத்துவிட்டுத்தான் போவாள். வைத்து வைத்து அந்தச் சிமெண்டில் ஒரு குழி. மழை பெய்தால் அதில் சரியாக ஓர் உள்ளங்கைத் தண்ணீர் நிற்கும். காக்கைகள் வரிசையில் நின்று குடிக்கும்.

பாலத்தின் குணம் அப்படி. எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்தில் தண்ணீர் தளத்தைத் தொட வந்தபோது, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் பெண்பிள்ளையைப்போலத் தன்னை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. வெள்ளம் வடிந்ததும் இறக்கிக்கொண்டது. அதற்கப்புறமும் அந்தப் பக்கம் ஒரு கைப்பிடித் தூண் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் சாய்ந்தே இருந்தது.

பட்டாபியின் கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையின் பின்சுவரும் பாலத்தின் அடிச்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஃபில்டர். பாலத்தில் வண்டி போனால்தான் டிகாக்‌ஷன் இறங்கும். சைக்கிளுக்கு ஒரு சொட்டு. மினிபஸ் போனால் பதமாக இறங்கும், அதுதான் உத்தமம். சிமெண்ட் லாரி போனால் பொடியும் சேர்ந்து இறங்கிவிடும். "அத்திம்பேர், இன்னும் பஸ் வரல, செத்த இருங்கோ" என்பான் பட்டாபி. நாங்கள் காபிக்காகப் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுக் காபிக்குக் காத்திருப்பார்கள். அந்தக் காபி குடித்த சிலர் ஆபீசுக்கே போகவில்லை என்று கேள்வி.

இப்படி இருக்கும்போது ஊரில் வேறெங்கோ ஒரு பாலம் விழுந்தது. உடனே எல்லாப் பழைய பாலங்களுக்கும் உடம்புப் பரிசோதனை என்றார்கள். எங்கள் பாலத்தின் முறையும் வந்தது.

வந்தவள் ஓர் இளம் எஞ்சினியர், ஸ்னேகா. ஜாதவ்பூரில் படித்தவள். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ் அவளுக்கு வீட்டில் போட்டுக்கொள்ளும் உடுப்பு மாதிரி. கோபம் வந்தால் பெங்காலிக்கு மாறிவிடுவாள். பெங்காலிப் பிள்ளைகள் பெரியப்பாவைக் கூப்பிடுவதுபோல என்னை "ஜேட்டு" என்றாள், ராஜியை "ஜேட்டிமா" என்றாள். கையில் சுத்தியல்போல ஒரு கருவி. அதைக் கான்கிரீட்டில் அழுத்தினால் 'டொக்' என்று எகிறும். எகிறுவதை வைத்து உள்ளே எவ்வளவு பலம் என்று சொல்லிவிடலாமாம்.

"ஜேட்டு, ஹெல்மெட் இல்லாம இங்க நிக்கக் கூடாது."

"பொறந்ததுலேர்ந்து இந்தப் பாலத்துல ஹெல்மெட் இல்லாமத்தாம்மா நடக்கறேன்."

"ஓ. அதான் இப்படிப் பேசறேளா?"

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

பழுதான இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தவள், கைப்பிடிச் சுவரின் நடுவில் இருந்த குழியையும் வட்டம் போட்டாள். "இது என்ன, வண்டி ஏதாவது இடிச்சுதா?"

"இல்லடிம்மா, அது நான்" என்றாள் ராஜி.

ஸ்னேகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ராஜி குழியில் கையை வைத்துக் காட்டினாள். அச்சு மாதிரிப் பொருந்தியது. ஸ்னேகா வட்டத்தை அழிக்கவும் இல்லை, அதற்குப் பக்கத்தில் எதுவும் எழுதவும் இல்லை.

"பாலம் தேறிடுமா?" என்று கேட்டாள் ராஜி.

"லோட் டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றது, ஜேட்டிமா? மணல் ஏத்தின லாரியை நடுவுல நிறுத்துவோம். பாலம் கொஞ்சம் கீழ வளையும். வளையறது தப்பில்ல. ஒரு நாள் அப்படியே வச்சுட்டு, லாரியை எடுத்துடுவோம். அதுக்கப்புறம் எவ்வளவு திரும்பி மேல வரதோ அதுதான் கணக்கு. வளைஞ்சது பெரும்பாலும் திரும்பி வந்துடணும்."

"என் முட்டியை வச்சு டெஸ்ட் பண்ணினா நான் ஃபெயில்" என்றாள் ராஜி. "சரி, திரும்பி வரலேன்னா?"

"முதல்ல வண்டியை நிறுத்துவா. அப்புறம் ஆளையும்."

"ஆளையுமா?"

"ஆமாம், ஜேட்டிமா. அப்புறம் இடிக்கணும்."

விஷயம் இதுதான்: சுற்றிக்கொண்டு போக வேறு பாலங்கள் உண்டு, ராஜிக்கு வேறு வழி இல்லை. ஆட்டோ என்றால் அவளுக்குக் குமட்டல், பஸ் என்றால் படி, கைரிக்‌ஷா என்றால் மனசாட்சி. முட்டி அனுமதிக்கிற தூரம், வீட்டிலிருந்து பாலத்தின் வழியாகத் தம்பி கடை வரைக்கும்தான். பாலம் போனால் பிறந்த வீடும் போயிற்று. அன்று சாம்பாரில் உப்பு இல்லை. நானும் சொல்லவில்லை.

பரிசோதனைக்கு முன்னேற்பாடாகப் பாலத்துக்கு அடியில், கால்வாய்ச் சேற்றில் இரும்புக் குழாய்களை நட்டுச் சாரம் கட்டினார்கள். அதன் மேல் பலகை. பலகையின் மேல் கைக்கடிகாரம் போன்ற சின்னச் சின்ன வட்டக் கருவிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய ஊசி மேலே எழும்பிப் பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பாலம் ஒரு தலைமுடி அளவு இறங்கினாலும் வட்டத்துக்குள் இருக்கும் முள் நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பரிசோதனை நாள் விடிவதற்குள் ராஜி குளித்துவிட்டுப் பாலத்தின் முனையில் பெரிய கோலம் போட்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் செய்வதுபோலப் பாலத்துக்கும் செய்யவேண்டும் என்பது அவள் எண்ணம். கல் மாவு அல்ல, சுத்தமான அரிசி மாவு. பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"பட்டாபி, பரீட்சை இங்க இல்லடா, கீழ. அங்கயும் ஒரு இழை இழுத்துட்டு வா."

"எனக்குக் கோலம் வராதே, அக்கா."

"வந்த வரைக்கும் போடு."

பட்டாபி கனத்த சரீரம். சாரம் முனகிக்கொண்டே அவனைத் தாங்கியது. என் கணக்கில் உண்மையான லோட் டெஸ்ட் அதுதான். அவனுக்கு இழை இழுக்க வராததால் டப்பாவிலிருந்த மாவு முழுவதையும் கருவிகளைச் சுற்றித் தூவினான். பிள்ளையாருக்கு ஒன்றும் இல்லாமல் எப்படி என்று ஒவ்வொரு கருவியின் காலடியிலும் ஒரு வெல்லக்கட்டியையும் வைத்துவிட்டு வந்தான்.

கல்கத்தா எறும்பு ரசகுல்லாவில் வளர்ந்தது. அரிசி மாவும் பாகு வெல்லமும் அதற்குப் புதிசு. அக்கம்பக்கத்து எறும்புகள் முதலில் வந்தன. பிறகு செய்தி பரவி அலிப்பூர் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவை கொஞ்சம் பெரிய சாதி. யானைக்குப் போட்ட கரும்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகத் தெரிகிறது.

போக்குவரத்தை நிறுத்தினார்கள். முதல் லாரி மெதுவாக ஏறி, சாக்பீஸ் கோட்டில் நின்றது. ஓட்டியவர் ரதன் தா, நம் பாஷையில் ரதன் அண்ணா. வாய் நிறையப் பான். கீழே ஸ்னேகா முள்ளைப் பார்த்தாள். முள் அசையவில்லை. இரண்டாவது லாரி ஏறியது. அசையவில்லை. அடுத்ததும் அதற்கடுத்ததும் ஏறி, பாலம் முழுக்க மணல் மூட்டையாக நின்றபோதும் முள் பூஜ்யத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏ கீ! இது என்ன, இப்படி இருக்கவே முடியாதே" என்றாள் ஸ்னேகா.

"எங்க காலத்துச் சிமெண்ட்" என்றேன் நான்.

"ஜேட்டு, சும்மா இருங்கோ."

அப்போதுதான் முள் நகர்ந்தது. நகர்ந்தது எதிர்ப்பக்கமாக! லாரிகளின் பாரத்தைச் சுமந்துகொண்டு பாலம் மேலே எழும்புகிறது என்று கருவி சொல்லியது. ரதன் தா லாரியிலிருந்து குதித்து இறங்கிக் கும்பிட்டார். பட்டாபி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஸ்னேகா டார்ச்சை எடுத்துக் கருவிக்குக் கிட்டே போனாள். ஊசியின் நுனிக்கும் பாலத்துக்கும் நடுவில் மிருகக்காட்சி சாலைக் கோஷ்டி தோளோடு தோள் சேர்ந்து நின்று பாலத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. பல்சக்கரத்துக்குள் உள்ளூர்க் கோஷ்டி மாவு சேமித்துக்கொண்டிருந்தது.

"ஷர்போனாஷ்! சர்வநாசம்! யாரு இங்க மாவு கொட்டினது?"

பட்டாபி முன்னே வந்தான். "நல்ல காரியம் நடக்கற இடத்துல கோலம் இல்லாமயா?"

"இது நல்ல காரியம் இல்ல மாமா, லோட் டெஸ்ட்!"

"அதுக்குத்தான் வெல்லமும் வச்சேன்."

அதற்குமேல் அவள் சொன்னதெல்லாம் பெங்காலி. வேகமான பெங்காலி. ரதன் தாவே வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஜேட்டிமா, உங்க பாலம் ஏமாத்திப் பாஸ் பண்ணணுமா?" என்று கேட்டாள்.

ராஜிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லடிம்மா. நான் வேண்டிண்டது நெஜமாவே பாஸ் பண்ணணும்னு. மாவைத் தட்டிட்டு முதல்லேர்ந்து பாரு."

லாரிகளை இறக்கி, கருவிகளைத் துடைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு சங்கடம். போக்குவரத்து நின்றுபோனதால் பட்டாபி கடையில் டிகாக்‌ஷன் இறங்கவில்லை. டிரைவர்கள் காபி கேட்டார்கள். ரதன் தா லாரியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். நாலு டம்ளர் இறங்கியது. ஐந்தாவதற்குள் ஸ்னேகா கண்டுபிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை பாலம் வளைந்தது. முள் மெதுவாக, சரியான பக்கமாக நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. லாரிகள் ஒரு பகலும் ஓர் இரவும் பாலத்தில் அப்படியே நின்றன. எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். ராஜி அன்று உள்ளே வரவே இல்லை. ராட்டினம் பார்க்க அப்பா கூட்டிப்போனது, மழையில் குடை பறந்து கால்வாயில் விழுந்தது, அம்மா போனபோது அந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஓடியது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் முதல் தடவை கேட்பதுபோல நடுநடுவே "அப்படியா?" என்றேன்.

மறுநாள் லாரிகளை எடுத்தார்கள். இனிப் பாலம் தானாகத் திரும்பி வரவேண்டும். அதற்கும் ஒரு நாள் கெடு. முள் திரும்பத் தொடங்கியது, நன்றாகவே திரும்பியது. தேறவேண்டிய இடத்தில் ஸ்னேகா கண்ணாடியின் மேல் சிவப்பு மையால் ஒரு சிறு கோடு போட்டிருந்தாள். கெடு முடியும் காலையில் நானும் ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறி அவள் பக்கத்தில் நின்றேன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது.

மேலேயிருந்து ராஜியின் குரல் கேட்டது. "என்னடி சொல்றது?"

"இன்னும் கொஞ்சம் வரணும், ஜேட்டிமா."

"எவ்வளவு?"

"ஒரு தலைமுடி."

"வருமா?"

ஸ்னேகா டார்ச்சை முள்ளின் மேல் அடித்துப் பார்த்தாள். "ரொம்ப நேரமா அங்கயேதான் நிக்கறது."

பிறகு, "நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வரட்டுமா?" என்றாள் ராஜி.

"இப்ப லோட் எதுவும் போடக் கூடாது, ஜேட்டிமா."

"நான் லோடா?"

ஸ்னேகா என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் தப்பித்து வந்தவன் நான். அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் மேலே பார்த்து, "போங்கோ, ஓரமாப் போங்கோ" என்றாள்.

எங்கள் தலைக்கு மேல் செருப்புச் சத்தம் தொடங்கியது. வலது முட்டிக்காக ஒரு அடி அழுத்தி, ஒரு அடி மெதுவாக. அந்தச் சத்தத்தை ஆயிரம் பேரின் நடையிலும் எனக்கு அடையாளம் தெரியும். பாலத்துக்கும் தெரிந்தது. ஏனென்றால் முள் நகர்ந்தது. மேலே ஓர் ஆள் நடக்கும்போது கீழே வளையவேண்டிய பாலம், அவள் அடி எடுத்து வைக்க வைக்க, உட்கார்ந்திருந்தவர் பெரியவர்களைக் கண்டதும் எழுந்திருப்பதுபோல நிமிர்ந்தது. ஸ்னேகா அவசரமாக ஊசியைப் பார்த்தாள். எறும்பு இல்லை. ஒன்றுகூட இல்லை.

நடுவில் செருப்புச் சத்தம் நின்றது. சாக்பீஸ் வட்டத்துக்குள் அந்தக் குழியில் கை வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. ஊசிக்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. அரசமரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் பழக்கதோஷத்தில் பாலம் அவளுக்கு வீட்டைக் காட்ட ஒரு முழம் எழும்பியதை நான் சாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுத்து" என்றாள் ஸ்னேகா. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஜேட்டு, முழுசாத் திரும்பி வந்துடுத்து."

அக்கரையில் பட்டாபி கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. "வாக்கா! மினிபஸ் விட்டாச்சா? டிகாக்‌ஷன் போடவா?" என்று கத்தினான். எல்லோருக்கும் காபி வந்தது. ஸ்னேகா இரண்டு டம்ளர் குடித்தாள். பாலம் தேறியது.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் காலையில் ராஜி பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனில் பட்டாபியோடு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். "வத்தக்குழம்பு பண்ணியிருக்கேண்டா, சுத்திண்டு வர யாரையாவது அனுப்பு, கொடுத்து விடறேன்" என்கிறாள். வலது உள்ளங்கை பால்கனிச் சுவரின் மேல் இருக்கிறது.

ஒரு தலைமுடி குறைந்ததென்று, கவிராஜ் பாலத்தைப் பரிசோதனை முடிந்த மறு மாதமே இடித்துவிட்டார்கள்.